ஆண்ட்ரூ வாட்சன்: 19ஆம் நூற்றாண்டின் ஸ்காட்டியப் பின்கள வீரர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்ட்ரூ வாட்சன் யார்?

1880களில் கிளாஸ்கோவின் குயின்ஸ் பார்க் அணிக்கும் ஸ்காட்லாந்து தேசிய அணிக்கும் பின்களத்தில் ஆடியவர். 1881ஆம் ஆண்டு லண்டனில் இங்கிலாந்தை 6-1 என்ற கணக்கில் வீழ்த்திய ஸ்காட்லாந்து அணியின் தலைவர் அவர்தான். சர்வதேசக் கால்பந்து ஆட்டத்தில் களமிறங்கிய முதல் கறுப்பின வீரர் என்ற முறையிலேயே இன்று அவர் பெயர் பெரிதும் பேசப்படுகிறது. அது உண்மை, முக்கியமான உண்மையும்கூட. ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டால், அவரை அணிக்குத் தேர்ந்தெடுத்தவர்கள் எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது மறைந்துபோகிறது. அன்றைய ஸ்காட்லாந்தில் அவர் இடத்தில் அவரைவிட நன்றாக ஆடக்கூடியவர்கள் அதிகம் பேர் இல்லை. இந்தப் பக்கம் முடிந்தவரை அவருடைய ஆட்டத்தையே பின்தொடர்கிறது.

அவர் பிறந்தது ஸ்காட்லாந்திலா?

இல்லை. 1856 மே 24 அன்று, தென்னமெரிக்காவின் வடக்குக் கரையில் இருந்த பிரிட்டிஷ் கயானாவின் டெமராராப் பகுதியில் பிறந்தார். அந்நாடு இன்று கயானா எனப்படுகிறது. தந்தை பீட்டர் மில்லர் வாட்சன், ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளோடு தொடர்புடைய குடும்பத்தைச் சேர்ந்தவர். அங்குள்ள கரும்புத் தோட்டத் தொழிலில் பொருளீட்டியவர். தாய் ஹன்னா ரோஸ், அந்த மண்ணைச் சேர்ந்த கறுப்பினப் பெண். ஆண்ட்ரூவுக்கு அனெட்டா என்றொரு சகோதரி உண்டு. பிள்ளைகள் இருவரும் சிறுவயதிலேயே பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தார்கள்.

டெமராரா என்ற பெயர் நமக்கு அவ்வளவு அந்நியமானதும் அல்ல. அடிமை முறை ஒழிந்தபின் அந்தக் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற கப்பல்களில் சில சென்னையிலிருந்தும் புறப்பட்டன. வாட்சன் பிறப்பதற்கு முன்பே அங்கே தமிழ் பேசும் தொழிலாளர்கள் இருந்தார்கள்.

அவருடைய படிப்புக்கும் வாழ்க்கைக்கும் பணம் எங்கிருந்து வந்தது?

கரும்பிலிருந்து. இதைப் பூசி மெழுகத் தேவையில்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழித்தபோது இழப்பீடாக ஒதுக்கிய 2 கோடி பவுண்டும் அடிமைகளுக்கு அல்ல, அவர்களை வைத்திருந்தவர்களுக்கே போய்ச் சேர்ந்தது. கயானாவின் தோட்ட முதலாளிகள் அந்தத் தொகையில் கணிசமான பங்கு பெற்றார்கள். பீட்டர் மில்லர் வாட்சனின் செல்வமும் அந்த உலகத்தில் விளைந்ததே. 1869ஆம் ஆண்டு அவர் இறந்தபோது பிள்ளைகளுக்குக் கணிசமான சொத்து வந்தது.

அந்தச் சொத்தின் துணையோடு ஆண்ட்ரூ யார்க்ஷயரின் ஹாலிஃபாக்ஸ் நகரில் உள்ள ஹீத் கிராமர் பள்ளியிலும், பிறகு லண்டனின் கிங்ஸ் காலேஜ் பள்ளியிலும் படித்தார். 1875இல், 19 வயதில், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல், கணிதம், பொறியியல் ஆகியவற்றைப் படிக்கச் சேர்ந்தார். ஓராண்டிலேயே அதை விட்டுவிட்டு, நகரத்தில் ஒரு மொத்த வணிகக் கிடங்கு நிறுவனத்தில் பங்குதாரரானார். 1877இல் ஜெஸ்ஸி நிம்மோ ஆர்மர் என்ற பெண்ணை மணந்தார். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தார்கள்.

இந்த விவரங்கள் கால்பந்துக்குத் தொடர்பற்றவை அல்ல. அன்று ஸ்காட்லாந்தில் ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்குவது விதிப்படி குற்றம். வேலையிலும் வருமானத்திலும் நிலைபெற்றவர்களே வாராவாரம் ஆடவும், ஆட்டத்துக்காக ரயிலேறி வெளியூர் போகவும் முடிந்தது. கையில் காசு இருந்ததால்தான் வாட்சனால் உயர்நிலைக் கால்பந்தின் வாசலுக்கு வர முடிந்தது. உள்ளே போனபின் நிலைத்து நின்றது காலின் வலிமையால்.

எந்த அணியில் ஆடத் தொடங்கினார்?

கிளாஸ்கோவில் முதலில் மேக்ஸ்வெல் என்ற சிறிய அணியில் ஆடினார். 1876இல் பார்க்குரோவ் அணிக்கு வந்தார். அங்கே ஆடியதோடு, ஆட்டங்களை ஏற்பாடு செய்யும் செயலாளராகவும் பொறுப்பேற்றார். லீக் என்ற அமைப்பே இல்லாத காலம் அது. கோப்பை ஆட்டங்களைத் தவிர மற்ற எல்லா ஆட்டங்களையும் கடிதம் எழுதி, நாள் குறித்து, திடல் பேசி முடிவு செய்ய வேண்டியது அந்தச் செயலாளரின் வேலை. 1880 பிப்ரவரியில் ஷெஃபீல்டு நகர அணிக்கு எதிராக ஆடிய கிளாஸ்கோ அணியில் இடம் பெற்றார். நகரத்தின் சார்பில் ஆடக்கூடியவர் என்று பெயர் வாங்கியபின், அதே ஆண்டு ஏப்ரலில் குயின்ஸ் பார்க் அவரைச் சேர்த்துக்கொண்டது.

அந்தக் காலத்தில் பின்கள வீரரின் வேலை என்ன?

இன்றைய கால்பந்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் குழப்பமே மிஞ்சும். இன்று நான்கு பேர், ஐந்து பேர் தடுப்பாக நிற்கிறார்கள். 1880 வாக்கில் ஸ்காட்லாந்து அணிகள் பெரும்பாலும் ஒரு கோல்கீப்பர், இரண்டு ஃபுல்பேக் (கோலுக்கு முன்னால் நிற்கும் பின்கள வீரர்கள்), இரண்டு ஹாஃப்பேக் (அவர்களுக்கும் முன்களத்துக்கும் இடையே நிற்பவர்கள்), ஆறு முன்கள வீரர்கள் என்ற அமைப்பில் இறங்கின. எதிரணியும் அப்படித்தான். ஆறு பேர் பந்தோடு பாய்ந்து வரும்போது, கோலுக்கு முன்னால் நிற்கும் தடுப்பு இரண்டே பேர்தான். அந்த இருவரில் ஒருவர் வாட்சன்.

ஆஃப்சைடு விதியும் வேறு. பந்து தரப்படும் நேரத்தில், முன்னால் நிற்கும் ஆட்டக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூன்று பேராவது இருக்க வேண்டும். 1925இல்தான் அது இரண்டாகக் குறைந்தது. இதனால் ஒரு ஃபுல்பேக் துணிந்து மேலே ஏறி வர, மற்றவர் பின்னால் காவல் நிற்க முடிந்தது. மேலே ஏறியவர் வேகமானவராகவும், எப்போது ஏறுவது என்று அறிந்தவராகவும் இல்லையென்றால் அந்த ஏற்பாடே பாழ். தோள் கொடுத்து மோதி எதிராளியை விழத்தட்டுவது முறையான ஆட்டமாகவே கருதப்பட்டது. கோல்கீப்பரையும் அப்படி மோதலாம். பெனால்டி உதை 1891 வரை கிடையாது. கோலின் மேற்பகுதியில் குறுக்குச் சட்டத்துக்குப் பதிலாக வெறும் நாடா கட்டியிருந்த திடல்கள் 1880களின் தொடக்கத்திலும் இருந்தன.

ஆகவே ஒரு நல்ல ஃபுல்பேக்குக்கு மூன்று தகுதிகள் தேவைப்பட்டன: ஓடி வருபவரைத் தனியாளாக மறித்துப் பந்தைப் பறிப்பது, பறித்த பந்தைச் சேற்றிலும் ஈரத்திலும் பிசகாமல் நெடுந்தூரம் உதைப்பது, பின்னால் யாருமில்லை என்ற நினைப்பு மனத்தைக் கலைக்காமல் பார்த்துக்கொள்வது.

வாட்சன் எப்படி ஆடினார் என்று தெரியுமா?

படச்சுருள் எதுவும் இல்லாத காலம் என்றாலும், ஸ்காட்டியக் கால்பந்துச் சங்கத்தின் 1880-81 ஆண்டு மலர் அவரைப் பற்றி ஒரு குறிப்பு தருகிறது. நம்மிடம் உள்ள மிகச் சிறந்த பின்கள வீரர்களில் ஒருவர், குயின்ஸ் பார்க்கில் சேர்ந்தபின் விரைவாக முன்னேறியவர், மிகுந்த வேகம் உடையவர், பந்தைப் பறிப்பதில் வல்லவர், உதை வலிமையானது, தவறாதது என்பது அதன் சாரம். முந்தைய பத்தியில் சொன்ன தகுதிகளோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், ஆண்டு மலர் வெறும் பாராட்டுரை எழுதவில்லை என்பது விளங்கும். ஒரு ஃபுல்பேக்கை அளக்க வேண்டிய அளவுகோல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தே எழுதியிருக்கிறார்கள்.

குயின்ஸ் பார்க்கில் ஆடுவது அவ்வளவு பெரிய விஷயமா?

அன்று அதைவிடப் பெரிய விஷயம் ஸ்காட்லாந்தில் இல்லை. 1867இல் தொடங்கப்பட்ட குயின்ஸ் பார்க்தான் அந்நாட்டின் மிகப் பழைய சங்கக் கால்பந்துக் குழு. 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவின் பார்ட்டிக் பகுதியில் நடந்த முதல் சர்வதேச ஆட்டத்தில் ஸ்காட்லாந்தின் பதினொருவரும் குயின்ஸ் பார்க்கைச் சேர்ந்தவர்களே. ஆட்டம் 0-0 என முடிந்தது. இங்கிலாந்தில் ஒருவர் பந்தை எடுத்தால் அது பறிபோகும் வரை தாமே ஓட்டிச் செல்வது வழக்கம். குயின்ஸ் பார்க் வீரர்களோ ஒருவருக்கொருவர் பந்தை மாற்றி மாற்றித் தந்து முன்னேறினார்கள். இன்று உலகம் முழுவதும் ஆடப்படும் கால்பந்தின் வேர்களில் ஒன்று இந்தப் பழக்கம். பின்களத்திலிருந்து பந்தைக் கண்மூடித்தனமாக உதைத்துத் தள்ளாமல், தம் ஆட்களுக்குச் சேரும்படி அனுப்பத் தெரிந்தவரையே அந்த அணி விரும்பியது.

அந்த அணியோடு என்னென்ன வென்றார்?

ஸ்காட்டியக் கோப்பையை மூன்று முறை: 1881, 1882, 1886. பெரிய போட்டி ஒன்றில் கோப்பை வென்ற முதல் கறுப்பின வீரர் என்ற சிறப்பும் இதனால் அவருக்கு உரியது.

1881 இறுதி ஆட்டம் சுவையானது. டம்பார்ட்டனுக்கு எதிராக குயின்ஸ் பார்க் 2-1 என்று வென்றது. ஆனால் கூட்டம் திடலுக்குள் புகுந்து ஆட்டத்தைக் கெடுத்தது என்று டம்பார்ட்டன் முறையிட, மறு ஆட்டம் நடத்தப்பட்டது. அதிலும் குயின்ஸ் பார்க் 3-1 என்று வென்றது. அடுத்த ஆண்டு இறுதியிலும் அதே டம்பார்ட்டன். முதல் ஆட்டம் 2-2 என்று சமன், மறு ஆட்டம் 4-1.

வாட்சன் ஆடுவதோடு நின்றுவிடவும் இல்லை. 1881 நவம்பரில் குயின்ஸ் பார்க்கின் செயலாளர் பொறுப்பும் அவரிடம் வந்தது. நாட்டின் முதன்மையான கால்பந்துக் குழு தன் கடிதப் போக்குவரத்தையும் ஆட்ட ஏற்பாடுகளையும் 25 வயது இளைஞர் ஒருவர் கையில் ஒப்படைத்தது என்றால், திடலுக்கு வெளியிலும் அவர்மீது வைத்திருந்த நம்பிக்கையை ஊகிக்கலாம்.

1881 மார்ச் 12 அன்று ஓவல் திடலில் என்ன நடந்தது?

அது வாட்சனின் முதல் சர்வதேச ஆட்டம். முதல் ஆட்டத்திலேயே அணித்தலைவர் பொறுப்பும் கிடைத்தது. ஆட்டம் நடந்த இடம் லண்டன் கென்னிங்டனில் உள்ள ஓவல். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குப் பழகிய பெயர்தான். அன்று குளிர்காலங்களில் அங்கே கால்பந்தும் ஆடப்பட்டது.

கோல்கீப்பர் ரேஞ்சர்ஸ் அணியின் ஜார்ஜ் கில்லஸ்பி. வாட்சனோடு ஜோடியாக நின்ற மற்றொரு ஃபுல்பேக் ரேஞ்சர்ஸின் டாம் வேலன்ஸ். அவர்களுக்கு முன்னால் குயின்ஸ் பார்க்கின் சார்லஸ் கேம்பெல், டேவிட் டேவிட்சன் என்று இரண்டு ஹாஃப்பேக்குகள். மீதி ஆறு பேரும் முன்களம். ஜான் ஸ்மித் மூன்று கோல் அடித்தார். ஆட்டம் 6-1 என முடிந்தது.

கோல் அடித்தவர்கள் பெயர்தான் மறுநாள் பேச்சில் நிற்கும், எந்தக் காலத்திலும். ஆனால் அந்த ஒன்று என்ற எண்ணையும் கவனிக்க வேண்டும். ஓராண்டுக்கு முன் 1880இல் ஸ்காட்லாந்து இங்கிலாந்தை 5-4 என்று வென்றது. அதற்கு முந்தைய ஆண்டு அதே 5-4 கணக்கில் தோற்றது. அதாவது, முன்களம் எப்போதும் போல கோல் அடித்துக்கொண்டுதான் இருந்தது; பின்னால்தான் ஓட்டை. வாட்சன் வந்தபின் இங்கிலாந்துக்கு எதிரான இரண்டு ஆட்டங்களிலும் எதிரணிக்குக் கிடைத்தது ஆட்டத்துக்கு ஒரு கோல். இரண்டே ஆட்டங்களை வைத்து எல்லாவற்றையும் ஒருவர் கணக்கில் எழுதிவிட முடியாதுதான். ஆனாலும் இந்த மாற்றத்தைக் கண்டுகொள்ளாமல் போவது சரியல்ல.

சொந்த மண்ணில் இங்கிலாந்து கண்ட மிகப் பெரிய தோல்வி இன்றளவும் அதுவே. 1953இல் ஹங்கேரி வெம்ப்ளியில் 6-3 என்று வென்றதை உலகம் பேசுகிறது. அதில்கூட வித்தியாசம் மூன்று கோல்தான்.

மற்ற இரண்டு சர்வதேச ஆட்டங்கள் எவை?

ஓவல் ஆட்டம் முடிந்த இரண்டாம் நாளே, 1881 மார்ச் 14 அன்று, வேல்ஸின் ரெக்ஸ்ஹாம் நகரில் வேல்ஸை 5-1 என்று வென்றார்கள். அடுத்தது 1882 மார்ச் 11 அன்று கிளாஸ்கோவின் ஹாம்டன் பார்க்கில் இங்கிலாந்துக்கு எதிராக, அதுவும் 5-1. மூன்று ஆட்டம், மூன்று வெற்றி. அடித்தது 16 கோல், வாங்கியது 3.

இவ்வளவு நன்றாக ஆடியவருக்கு ஏன் மூன்றே சர்வதேச ஆட்டங்கள்?

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இதுதான். பெரும்பாலும் தவறாகப் பதிலளிக்கப்படுவதும் இதுதான். நிறத்தின் காரணமாக ஒதுக்கினார்கள் என்று சிலர் கருதுகிறார்கள். காரணம் அதைவிட எளியது. 1882இல் வாட்சன் வேலை நிமித்தம் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். ஸ்காட்டியக் கால்பந்துச் சங்கம் அன்று ஸ்காட்லாந்தில் இருந்து ஆடுபவர்களை மட்டுமே தேசிய அணிக்கு எடுத்தது. எல்லை தாண்டியவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் அங்கே ஆடிக்கொண்டிருந்த ஸ்காட்டியர்களைச் சேர்க்க அவர்கள் மனம் இறங்கியது 1896இல்தான்.

ஒப்பிடுவதற்கு வால்டர் ஆர்னட் இருக்கிறார். வாட்சன் விட்டுச் சென்ற இடத்துக்கு வந்த அதே குயின்ஸ் பார்க்கின் ஃபுல்பேக். 1883 முதல் 1893 வரை 14 சர்வதேச ஆட்டங்கள். அந்த நூற்றாண்டின் தலைசிறந்த ஃபுல்பேக் என்று ஆர்னட்டைச் சொல்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் 3க்கும் 14க்கும் இடையே உள்ள தூரத்தில் பெரும்பகுதி திறமையின் தூரம் அல்ல, கிளாஸ்கோவுக்கும் லண்டனுக்கும் இடையே உள்ள தூரம்.

இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும். அன்று ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ சர்வதேச ஆட்டங்கள்தான் நடந்தன. 1876 முதல் 1884 வரை இங்கிலாந்தோடு ஆடிய ஒன்பது ஆட்டங்களில் ஸ்காட்லாந்து தோற்றது ஒன்றில் மட்டும். அப்படிப்பட்ட அணியில் ஒரு முறை இடம் பிடிப்பதே கடினம்.

லண்டனில் கால்பந்தை விட்டுவிட்டாரா?

இல்லை. ஸ்விஃப்ட்ஸ் என்ற அணிக்காக 1882இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையில் ஆடினார், அந்தக் கோப்பையில் ஆடிய முதல் கறுப்பின வீரர் அவரே. அதன்பின் கொரிந்தியன் குழுவில் சேர்ந்தார். ஸ்காட்லாந்திடம் தொடர்ந்து அடி வாங்கிச் சலித்த இங்கிலாந்துக்காரர்கள், தங்கள் சிறந்த அமெச்சூர் (சம்பளம் வாங்காமல் ஆடும்) வீரர்கள் ஒன்றாக ஆடிப் பழக வேண்டும் என்பதற்காகவே 1882இல் உருவாக்கிய குழு அது. அப்படி அடி கொடுத்த அணியின் தலைவரையே அழைத்துச் சேர்த்துக்கொண்டது வேடிக்கைதான். 1884இல் எஃப்.ஏ. கோப்பையைக் கையில் வைத்திருந்த பிளாக்பர்ன் ரோவர்ஸை கொரிந்தியன் 8-1 என்று தோற்கடித்தது.

சொந்த வாழ்வில் அந்த ஆண்டுகள் துயரம் மிகுந்தவை. லண்டனுக்கு வந்த சில மாதங்களிலேயே, 1882 இலையுதிர் காலத்தில், மனைவி ஜெஸ்ஸி இறந்தார். சிறு குழந்தைகள் இருவரும் கிளாஸ்கோவில் இருந்த தாய்வழித் தாத்தா பாட்டியிடம் வளரச் சென்றார்கள்.

நிறத்தின் காரணமாக அவருக்கு எதிர்ப்பு இருந்ததா?

அன்றைய ஆட்ட அறிக்கைகள் பலவற்றில் அவருடைய நிறத்தைப் பற்றிய பேச்சே இல்லை. மற்றவர்கள் கறுப்புக் காலணி அணிந்த காலத்தில் அவர் பழுப்புக் காலணி அணிந்து ஆடியது செய்தியாளர்கள் கண்ணில் பட்டிருக்கிறது.

இதை வைத்து விக்டோரியா காலத்து பிரிட்டன் நிறவெறியே அறியாத நாடு என்று முடிவு கட்டுவது பேதைமை. அறிக்கையில் இல்லாதது திடலோரக் கூச்சலில் இருந்திருக்கலாம். என் பார்வையில், வாட்சனைச் சுற்றி ஒரு வேலி இருந்தது. அது வர்க்க வேலி. நல்ல பள்ளியில் படித்தவர், பல்கலைக்கழகம் பார்த்தவர், வணிகப் பங்குதாரர், சம்பளம் வாங்காமல் ஆடுபவர். கனவான்கள் என்று தங்களைக் கருதிக்கொண்டவர்களின் குழுவில் அவர் அவர்களில் ஒருவர். அதே நிறத்தோடு ஒரு சுரங்கத் தொழிலாளியோ துறைமுகக் கூலியோ வந்து நின்றிருந்தால் குயின்ஸ் பார்க்கின் கதவு இதே போலத் திறந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

அவர் மீண்டும் கிளாஸ்கோவில் ஆடினாரா?

ஆடினார். 1884இல் குயின்ஸ் பார்க் சட்டையில் மறுபடி காணப்பட்டார். 1886 ஸ்காட்டியக் கோப்பை இறுதியில் குயின்ஸ் பார்க் ரென்டன் அணியை 3-1 என்று வென்றபோது பின்களத்தில் நின்ற ஜோடி ஆர்னட்டும் வாட்சனும். போனவரும் அவர் இடத்துக்கு வந்தவரும் ஒரே வரிசையில் நின்று ஆடிய அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். வாட்சனுக்கு அப்போது 30 வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

முதல் கறுப்பினத் தொழில்முறை வீரர் அவர்தானா, ஆர்தர் வார்ட்டனா?

வழக்கமாகச் சொல்லப்படும் பெயர் ஆர்தர் வார்ட்டன். இன்றைய கானாவில் பிறந்த கோல்கீப்பர்; 1886இல் 100 கஜ ஓட்டத்தை 10 விநாடியில் ஓடியவர்; அதே ஆண்டு பிரஸ்டன் அணிக்கு அமெச்சூராக ஆடி, 1889இல் ராதர்ஹாம் டவுன் அணியில் சம்பளத்துக்குச் சேர்ந்தார்.

வாட்சன் 1887இல் இரண்டாம் மனைவி எலைசா கேட் டைலரை மணந்துகொண்டு லிவர்பூல் பகுதிக்குக் குடிபெயர்ந்து பூட்டில் அணியில் ஆடினார். இங்கிலாந்தில் 1885 முதலே சம்பளம் தருவது சட்டபூர்வம். எவர்ட்டன் அணியோடு போட்டி போட்டுக்கொண்டிருந்த பூட்டில், பெயர்பெற்ற சில வீரர்களுக்குப் பணம் கொடுத்தது. அந்தச் சிலரில் வாட்சனும் ஒருவர் என்றால், வார்ட்டனுக்கு இரண்டு ஆண்டு முன்பே அவர் தொழில்முறை வீரர். ஆய்வாளர்கள் இதில் ஒத்துப்போகவில்லை. வாழ்நாளின் பெரும்பகுதி அமெச்சூராக ஆடியவருக்கு இந்தப் பட்டம் தேவைதானா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வார்ட்டனுடையது அவரிடமே இருக்கட்டும்.

1888இல் 12 அணிகளோடு கால்பந்து லீக் தொடங்கியபோது அந்தப் பகுதியிலிருந்து எவர்ட்டன்தான் இடம் பெற்றது, பூட்டில் அல்ல. வாட்சனின் ஆட்ட வாழ்வும் அதையொட்டிய ஆண்டுகளில் ஓய்ந்தது.

ஆட்டம் முடிந்தபின் என்ன செய்தார்?

கிளாஸ்கோவில் பாதியில் விட்ட பொறியியல் வேறு வடிவில் திரும்பி வந்தது. 1892இல் கப்பல் பொறியாளருக்கான தேர்வு எழுதித் தகுதி பெற்று, நீராவிக் கப்பல்களில் பணியாற்றினார். தந்தை விட்டுச்சென்ற செல்வத்தில் தொடங்கிய வாழ்க்கை, நடுவயதில் இயந்திர அறையின் புகையிலும் எண்ணெயிலும் தொடர்ந்தது. லிவர்பூலில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் வாழ்ந்தபின் லண்டனுக்கு ஓய்வெடுக்கச் சென்றார்.

அவர் ஆஸ்திரேலியாவில் இறந்தார் என்று படித்தேனே?

பழைய குறிப்புகள் பலவற்றில் அப்படித்தான் இருக்கும்: அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய், 1902இல் சிட்னியில் இறந்தார் என்று. அது தவறு. ஆவணங்களைத் துருவிய ஆய்வாளர்கள் கடந்த சில பத்தாண்டுகளில் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். அவர் 1921 மார்ச் 8 அன்று லண்டனின் கியூ பகுதியில் நுரையீரல் அழற்சியால் இறந்தார். வயது 64. ரிச்மண்ட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். வாட்சன் என்பது பிரிட்டனில் மிகப் பரவலான குடும்பப் பெயர். கப்பலில் வேலை, ஊர் ஊராக மாற்றம். இப்படிப்பட்ட ஒருவர் காகிதத்தில் தொலைந்துபோவதில் வியப்பில்லை.

அவருக்குப் பின் ஸ்காட்லாந்துக்கு ஆடிய கறுப்பின வீரர் யார்?

2004இல் ஆடிய நைஜல் குவாஷி. இடைவெளி 122 ஆண்டு. இங்கிலாந்தின் முதன்மை அணிக்கு முதல் கறுப்பின வீரராக விவ் ஆண்டர்சன் ஆடியது 1978இல்தான். வாட்சன் ஓவலில் தலைமை தாங்கி 97 ஆண்டுகள் கழித்து. இடையில், 1975இல் ஸ்காட்லாந்துக்காக ஒரே ஒரு ஆட்டம் ஆடிய செல்டிக் அணியின் பால் வில்சன் பெங்களூரில் பிறந்தவர் என்பது இந்திய வாசகர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும்.

இன்று அவரை நினைவுகூரும் இடங்கள் உள்ளனவா?

2012இல் ஸ்காட்டியக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. நீண்ட காலம் சிதைந்து கிடந்த ரிச்மண்ட் கல்லறை அண்மை ஆண்டுகளில் சீரமைக்கப்பட்டது.

கிளாஸ்கோவுக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டியது இன்றைய பெரிய ஹாம்டன் அரங்கத்தை அல்ல. அந்தப் பெயரைத் தாங்கிய மூன்றாவது திடல் அது. வாட்சன் 1882இல் இங்கிலாந்தை எதிர்கொண்ட முதல் ஹாம்டன் இருந்த இடத்தில் இப்போது புல்தரையில் கோளம் உருட்டி ஆடும் ஒரு சிறிய குழுவின் திடல் இருக்கிறது. அதன் கட்டடச் சுவரில் அந்த 5-1 ஆட்டத்தை ஓவியமாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள். அந்த ஓவியத்தில் வாட்சனும் இருக்கிறார்.